நாற்பதில் ஒரு புதிய பாடம்

நாற்பதைத் தொட்டதும், "இனி நமக்கென்ன இருக்கிறது? பிள்ளைகளைக் கரை சேர்த்தால் போதும்" என்று நம்மில் பலர் ஓய்ந்துவிடுகிறோம். புதிதாக ஒன்றைத் தொடங்குவது வயதுக்கு ஒவ்வாது என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கிறது. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை.

திருமறையின் 'அல் அஹ்காஃப்' அத்தியாயம், 15ஆம் வசனம் நாற்பது வயதைக் குறிப்பிட்டே பேசுகிறது. அவ்வயதை அடைந்த நல்லடியான் தன் இறைவனிடம் மூன்றைக் கேட்கிறான். தனக்கும் தன் பெற்றோருக்கும் கிடைத்த அருட்கொடைகளுக்கு நன்றி செலுத்தும் பேறு. இறைவன் பொருந்திக்கொள்ளும் நற்செயல். தன் சந்ததியின் சீர்மை. பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அவனுடைய செயல் நிற்கிறது. ஆகவே நடுவயது ஓய்வதற்குரியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கியதும் நாற்பதாம் வயதில்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பிறந்த அப்பெருமகனார், பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவில் புகழின் உச்சியில் இருந்தார்கள். ஆனால் தம் போதனை அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி உள்ளத்தை அரித்தது. போவதா, இருப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதம் தத்தளித்தார்கள். நா எழாமல் பாடம் நடத்தவும் இயலாமற் போயிற்று. இறுதியில் ஹிஜ்ரி 488இல் (1095), தம் 38ஆம் வயதில், பதவியைத் துறந்து புறப்பட்டார்கள். நாற்பது கிதாபுகள் அடங்கிய 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் அதன்பின் வந்த ஆண்டுகளில் பிறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்த பிறகே இமாமவர்கள் தம் பொருளைப் பங்கிட்டார்கள். புது வழியில் இறங்குகிறோம் என்று குடும்பத்தைத் தவிக்கவிடுவது நன்மையாகாது.

நாம் ஊரைவிட்டுப் போகவேண்டியதில்லை. சிறுவயதில் விட்டுப்போன குர்ஆன் ஓதலைத் தஜ்வீதுடன் மீண்டும் தொடங்கலாம். "பிள்ளைகள் முன் திக்கித் திணறுவதா?" என்று வெட்கப்படுகிறோம். சிரமத்துடன் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்பது நபிமொழியின் கருத்து. அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்தது. ஸஹாபாக்கள் முதிர்ந்த வயதிலும் கல்வி கற்றதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்கள்.

எழுதும் ஆர்வமுள்ள சகோதரிகள், பாட்டிமார் சொன்ன நபிமார் வரலாறுகளைப் பிள்ளைகளுக்காக எழுதிவைக்கலாம். கைத்திறன் உள்ளவர்கள் அரபு எழுத்தணி பழகலாம். சுப்ஹுக்குப் பின் கால்மணி நேரம் போதும். மனைவி ஓத அமர்ந்தால் அடுப்படி வேலையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். கணவர் பாடம் கேட்கப் போனால் மனைவி கேலி செய்யாதிருக்கட்டும். தாய் தந்தை மாணவராக அமர்வதைக் காணும் பிள்ளைக்கு, கல்வியின் மேன்மையைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் இமாமவர்களை வாட்டிய கேள்வியை நாமும் கேட்டுக்கொள்வோம்: இது யாருக்காக? நிய்யத் சரியானால் தாமதம் ஒரு குறையன்று. எஞ்சிய நாள்களைப் பயனுள்ளதாக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.