புதுமுகங்களை வரவேற்கும் மாணவர் பணிக்குழுவுக்கு

கத்தோலிக்கர்கள் நிறைந்த வரதராஜன்பேட்டையில் ஞாயிறு திருப்பலிக்கு வழி கேட்க வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பிள்ளையே திருச்சியில் விடுதி அறை கிடைத்த முதல் வாரம், கோயில் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நிற்கும். 1924 முதல் இயங்கும் ஐக்கஃப் போன்ற கத்தோலிக்க மாணவர் இயக்கங்களின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் திட்டமிடல் ஊரிலேயே ஆரம்பிக்க வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்ததும், யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று பங்கு இளைஞர் குழு கேட்டு வைத்துக்கொள்ளலாம். மாணவரின் சம்மதத்தோடு மட்டுமே அவரது தொலைபேசி எண்ணை அங்குள்ள பொறுப்பாளருக்குத் தர வேண்டும். மாணவிகளை மாணவிகளே அழைப்பது நல்லது.

முதல் சந்திப்பில் நீண்ட பிரசங்கம் வேண்டாம். டீயும் வடையும் போதும்! திருப்பலி நேரம், பஸ் நம்பர், மலிவான மெஸ், ஜெராக்ஸ் கடை, உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது என எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால், பிள்ளைகள் அதைத்தான் பத்திரப்படுத்துவார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் ஆங்கிலப் பாடம்தான் பெரிய பயம். வாரம் ஒரு மாலை சீனியர் ஒருவர் கூட உட்கார்ந்தால் பாதி தெளிந்துவிடும்.

வேறு மதத்து நண்பரை அழைத்து வந்தால் அவருக்கும் டீ உண்டு. கட்டாயம் மட்டும் கூடாது.

'அறிமுகம்' என்ற பெயரில் பாடச் சொல்வது, ஆடச் சொல்வது எதுவும் வேண்டாம். ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையுண்ட பிறகு, 1997-லேயே தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. முதல் சந்திப்பில் கொடுக்கும் தாளின் அடியில் யுஜிசியின் ராகிங் தடுப்பு உதவி எண்ணையும் அச்சிடுங்கள்: 1800-180-5522.