துருவேறி இறுகிய சைக்கிள் பாகங்களைக் கழற்றும் முறை

பால் கேன், புல்கட்டு, உர மூட்டை ஆகியவற்றை ஏற்றிச் செல்ல, பழைய இரும்புச் சைக்கிள் சிறு விவசாயிகள் பலருக்கு இன்றும் உதவுகிறது. சில ஆண்டுகள் தொழுவத்தில் சும்மா கிடந்த சைக்கிளைச் சீர்செய்ய முற்படும்போது பெடல், சீட் கம்பி போன்றவை அசையாமல் இறுகியிருப்பதைக் காணலாம். அவசரப்பட்டு அடித்தால் மரை அழியும், பிரேம் வளையும். சிறு செலவில் முடிய வேண்டிய வேலை பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

இறுகுவது ஏன்?

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. மரையின் இடுக்கில் இடம் போதாமல் துரு இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. உர மூட்டையிலிருந்து சிந்தும் தூள் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை விரைவுபடுத்தும்.

முதலில் எண்ணெய்

துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கியபின், இடுக்கில் துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். இது ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். டீசலும் என்ஜின் ஆயிலும் சம அளவு கலந்தும் விடலாம். காலையும் மாலையும் விட்டு, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி வர வேண்டும். தட்டும் அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். இரண்டு மூன்று நாள் பொறுத்தால் பெரும்பாலும் பலன் கிட்டும்.

பெடல்

வலது பெடலின் மரை வழக்கமானது. இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். இதை அறியாமல் கழற்ற முயன்றால் மேலும் இறுகும். ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடல்களும் கழலும்.

காட்டர் பின்

அதிகச் சேதம் நேர்வது இங்கேதான். கிராங்கைப் படுக்கை வாட்டமாக நிறுத்தி, நட்டு மேலே இருக்குமாறு வைக்க வேண்டும். நட்டைக் கழற்றி எடுத்துவிடாமல், பின்னின் நுனியும் நட்டும் ஒரே மட்டத்தில் வரும்வரை தளர்த்தினால் மரை நசுங்காது. கிராங்கின் அடியில், பின்னின் தலை நுழையக்கூடிய கனத்த இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, ஒரே பலமான அடி கொடுக்க வேண்டும். முட்டு இல்லையேல் அடியின் வேகம் முழுவதும் அச்சின் பால்ரஸ் குண்டுகளைத் தாக்கும். பின் வளைந்துவிட்டால் பட்டறையில் துளையிட்டு எடுத்துவிடலாம். பின் மலிவானது, கிராங்கும் அச்சும் விலை கூடியவை. எதைக் காப்பது, எதை விடுவது என்பதை இவ்வாறு கணக்கிட்டுச் செய்வதே சிக்கனம்.

சீட் கம்பியும் ஹேண்டில் பாரும்

சீட் போல்டை முழுவதும் தளர்த்தி, எண்ணெய் ஊறிய பின் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருக வேண்டும். திருகல் கொடுக்காமல் மேலே இழுப்பதால் பயனில்லை. ஹேண்டில் பாரின் மேல் போல்டை நான்கு சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் உள்ளே இறுகிய கூம்பு கீழே இறங்கும். அதன் பின்னரே திருக வேண்டும்.

எச்சரிக்கை

எண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு காட்டக் கூடாது. சூடு தேவையெனில் துணியைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றலாம். கைத்தெளிப்பான் பாகங்கள் இறுகினால் முதலில் மருந்தின் மிச்சம் போகக் கழுவ வேண்டும். அவற்றைச் சூடாக்கவே கூடாது.

மீண்டும் பூட்டும்போது

எல்லா மரைகளிலும் சீட் கம்பியிலும் கிரீஸ் தடவ வேண்டும். காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தால்தான் பெடல்கள் நேர்கோட்டில் அமையும். சில கிலோமீட்டர் ஓட்டியபின் அவற்றின் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். உரம் ஏற்றிய நாளில் சைக்கிளைக் கழுவித் துடைத்து வைத்தால் இத்தொல்லை மீண்டும் எளிதில் வராது. கலப்பை போல்டுகளுக்கும் பம்புசெட் நட்டுகளுக்கும் இதே எண்ணெயும் பொறுமையும் பொருந்தும்.