விதை முளைக்காவிட்டால் எங்கே முறையிடுவது?

வாங்கிய விதை முளைக்காமல் போனாலும், காயை எடுத்துச் சென்ற வியாபாரி பணம் தராமல் இழுத்தடித்தாலும் விவசாயிக்கு முதலில் நினைவுக்கு வருவது காவல் நிலையம்தான். அங்கே "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்பது கிராமக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் குறை. அந்தப் பதில் சில சமயம் சரி. சில சமயம் பாதிதான் சரி. எது குற்றவியல் (கிரிமினல்), எது உரிமையியல் (சிவில்) என்பதை விவசாயிகள் அறிந்திருப்பது அவசியம். ஒரு வாசலிலேயே காத்திருந்தால் மற்ற வாசலில் காலக்கெடு முடிந்துவிடும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

விருத்தாசலத்திலிருந்து பீங்கான் சாமான் ஏற்றிச் செல்லும் வண்டி மீது ஒரு லாரி தாறுமாறாக வந்து மோதுவதாக வைத்துக்கொள்வோம். தாறுமாறாக ஓட்டியது குற்றம். அதற்காக ஓட்டுநர் மீது வழக்கு நடத்துவது அரசு. அவர் கட்டும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குச் செல்லும். உடைந்த சாமானுக்கு உரிய தொகையை, அதன் சொந்தக்காரர் தனியே கோரிப் பெற வேண்டும். நிகழ்ச்சி ஒன்று; வழக்கு இரண்டு.

குற்றவியல் வழக்கின் நோக்கம் தண்டனை. உரிமையியல் வழக்கின் நோக்கம் இழப்பை ஈடுசெய்வது அல்லது உரிமையை நிலைநாட்டுவது. முன்னதில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். பின்னதில் யார் பக்கம் உண்மை இருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று பார்த்துத் தீர்ப்பு சொல்லப்படும். ஆகவே குற்றவியல் வழக்கில் எதிரி விடுதலையானாலும், உரிமையியல் வழக்கில் விவசாயி வெற்றி பெறக்கூடும். குற்றவியல் நீதிமன்றமும் சில வழக்குகளில் இழப்பீடு தர உத்தரவிடலாம். ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல.

1860ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. உரிமையியல் வழக்குகளோ 1908ம் ஆண்டு நடைமுறைச் சட்டப்படி நடப்பவை.

விதை பொய்த்தால்

நமது வட்டாரத்தில் முக்கியப் பயிரான மணிலாவையே எடுத்துக்கொள்வோம். சான்று பெற்ற மணிலா விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 70 சதவீதம். இதற்குக் குறைந்த விதையை விற்பது 1966ம் ஆண்டு விதைச் சட்டப்படி குற்றம். விதை ஆய்வாளர் கடையில் மட்டுமின்றி, வாங்கிய விவசாயியிடமிருந்தும் மாதிரி எடுக்கலாம். மாதிரி மூன்று பங்காக்கப்படும். ஒன்று மாதிரி எடுக்கப்பட்டவரிடம் தரப்படும். ஒன்று பரிசோதனைக்குச் செல்லும். ஒன்று வழக்குக்காகப் பாதுகாக்கப்படும்.

ஆனால் தண்டனை என்ன? இச்சட்டத்தின் 19வது பிரிவு முதல் குற்றத்துக்கு விதிப்பது 500 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதத்தில் ஒரு காசு கூட விவசாயிக்கு வராது. உழவுக் கூலியும், எரு, விதைச் செலவும், பட்டம் தவறிய நஷ்டமும் அவர் தலையிலேயே நிற்கும்.

இதற்கு வழிகாட்டியது உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் அளித்த தீர்ப்பு. தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கி நஷ்டமடைந்த ஆந்திர விவசாயிகளின் வழக்கு அது. "விதைச் சட்டம் தனியே இருக்கிறது, நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாது" என்று கழகம் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விதைச் சட்டத்தில் விவசாயிக்கு இழப்பீடு வழங்க வழியில்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே. அவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே விதை ஆய்வாளரிடம் புகார் கொடுப்பதோடு நில்லாமல், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுச் செய்ய வேண்டும். 2019ம் ஆண்டுச் சட்டப்படி விவசாயி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி வெளி மாநிலத்தில் இருந்தாலும் விருத்தாசலம் விவசாயி கடலூரிலேயே மனுச் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை என்பது 2020ம் ஆண்டு விதி.

வியாபாரி பணம் தராவிட்டால்

காயை வாங்கும்போது நேர்மையான எண்ணம் இருந்து, பிறகு பணம் கொடுக்க இயலாமல் போனால் அது சிவில் பாக்கி. தொகை தரவேண்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்துடன் பொய்ப் பெயர், பொய் முகவரி கொடுத்துக் காயை ஏற்றிச் சென்றிருந்தால் அது மோசடிக் குற்றம். அப்போது காவல் துறை விசாரிக்க வேண்டும்.

வரப்புத் தகராறு

நிலம் யாருக்குச் சொந்தம், எல்லை எது என்று முடிவு செய்வது சிவில் நீதிமன்றம். பட்டா மட்டுமே சொத்துரிமையை முடிவு செய்துவிடாது. ஆனால் அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்கி நகர்த்துவதும், பாசன வாய்க்காலைச் சேதப்படுத்தி நீர்வரத்தைக் குறைப்பதும் குற்றமாகும்.

செய்ய வேண்டியவை

1. விதைக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் ரகமும் குவியல் எண்ணும் இருக்க வேண்டும்.

2. பை, அட்டை இரண்டையும் அறுவடை முடியும் வரை எறியாதீர்கள். ஒரு பிடி விதையையும் தனியே வையுங்கள்.

3. முளைப்பு குறைந்தால் வயலை உடனே மாற்றி உழ வேண்டாம். வேளாண்மை அலுவலருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, வயலைப் பார்வையிடச் செய்து, அறிக்கை பெறுங்கள். ஆழ விதைப்பு, ஈரக் குறைவு, விதை நேர்த்தி செய்யாமை ஆகியவையே காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அறிக்கையில் இவை பற்றிய விவரமும் இடம்பெறச் செய்வது நல்லது.

4. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் மனு ரசீது பெறுங்கள்.

5. பெண்களுக்கும், ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளோருக்கும் 1987ம் ஆண்டுச் சட்டப்படி சட்டப்பணிகள் குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். இரு தரப்பும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகப் பேசித் தீர்க்கலாம். அங்கே ஏற்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது ஊருக்கு நன்மை. நஷ்ட ஈடு பெறுவது குடும்பத்துக்கு நன்மை. இரண்டையும் ஒரே சமயத்தில் கோர விவசாயிக்கு உரிமை உண்டு. விதைப்பன்று வாங்கி வைத்த ரசீதுதான் இரண்டுக்கும் அடிப்படைச் சான்று.