உண்ண மறுப்பது பிடிவாதமா, நோயா?



வீட்டில் ஒரு பிள்ளை சரியாக உண்ணாமல் மெலிந்துகொண்டே போனால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் கெஞ்சுகிறோம். பிறகு அதட்டுகிறோம். "எல்லாம் பிடிவாதம், பசித்தால் தானே வந்து சாப்பிடும்" என்று விட்டுவிடுகிறோம். உறவினரில் சிலர், "நன்றாக இளைத்துவிட்டாயே!" என்று பாராட்டவும் செய்கிறார்கள். இது நோயாக இருக்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பல மாதங்கள் கடந்துவிடுகின்றன. ஆகவே, உண்ணுதல் சம்பந்தமான நோய்களைக் குறித்து இந்தப் பாடத்தில் கற்றுக்கொள்வோம்.

மூன்று வகைகள்

முதலாவது, அனோரெக்சியா நெர்வோசா. 1873-ஆம் ஆண்டிலேயே லண்டனில் சர் வில்லியம் கல், பாரிஸில் லசேக் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனித்தனியே விவரித்தார்கள். இந்நோயாளிக்கு எடை கூடிவிடுமோ என்ற பயம் தீராது. எலும்பும் தோலுமாக ஆன பிறகும், கண்ணாடியில் பார்த்து "குண்டாக இருக்கிறேன்" என்பார்.

இரண்டாவது, புலிமியா நெர்வோசா. லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-ல் இதற்கு இப்பெயரைக் கொடுத்தார். இந்நோயாளி சிறிது நேரத்தில் ஏராளமாக உண்பார். பிறகு பயந்து, தாமே வாந்தி எடுப்பார், அல்லது பேதி மாத்திரை விழுங்குவார். எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருப்பதால் வீட்டாருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, கட்டுப்பாடின்றி அளவுமீறி உண்ணும் நோய். இதில் வாந்தி எடுப்பதில்லை. வெட்கத்தினால் தனிமையில் உண்பதுண்டு. உடல் பருமன், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவை இதைத் தொடர்ந்து வரலாம்.

இவை பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்குகின்றன. பெண்களிடம் அதிகம் காணப்பட்டாலும் ஆண்களையும் விடுவதில்லை. பரம்பரைக் கூறு, எதிலும் குறையே இருக்கக்கூடாது என்ற சுபாவம், கேலிப் பேச்சு, கடுமையான பத்தியம் எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து நோயாகின்றன. பெற்றோரின் வளர்ப்பே காரணம் என்று குற்றம் சுமத்துவது சரியல்ல.

யுத்த காலம் கற்பித்த பாடம்

இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் ஐரோப்பாவில் திரளானோர் பட்டினியால் வாடினார்கள். அவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஓர் ஆராய்ச்சி நடத்தினார். அதற்குத் தங்களை மனமுவந்து ஒப்புக்கொடுத்தவர்கள் 36 வாலிபர்கள். மனச்சாட்சியினிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் இவர்கள். குவேக்கர், மென்னோனைட் போன்ற சபைகளைச் சேர்ந்தவர்கள் இவர்களில் பலர். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பரிசோதித்தே தெரிந்தெடுக்கப்பட்டார்கள்.

1945 பிப்ரவரி முதல் 24 வாரங்கள் இவர்களுடைய உணவு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. எடையில் கால் பங்கு போயிற்று. நாடித்துடிப்பு தளர்ந்தது. கோடையிலும் குளிர்ந்தது. அதைவிட ஆச்சரியம், மனதில் நேர்ந்த மாற்றம். இரவும் பகலும் உணவைப் பற்றிய நினைவே. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டிலிருந்த சொற்ப உணவைத் துண்டு துண்டாக்கி, நெடுநேரம் வைத்து உண்டார்கள். சிநேகிதரை விட்டு ஒதுங்கினார்கள். எரிச்சலும் சோர்வும் பிடித்தன. உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது, எவ்வளவு தின்றும் நிறுத்த முடியாமல் தவித்தவர்களும் இருந்தார்கள்.

அனோரெக்சியா நோயாளியின் தாயிடம் கேட்டால் இதே அடையாளங்களைச் சொல்வார்: மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவாள், தான் தொடமாட்டாள், ஒரு இட்லியை ஒரு மணி நேரம் பிய்த்துக்கொண்டிருப்பாள், யாரோடும் பேசமாட்டாள், சுள்ளென்று விழுவாள். நாம் பிடிவாதம் என்றும் திமிர் என்றும் எண்ணுகிறவற்றில் பல, பட்டினி மூளையில் செய்யும் வேலை. ஒரு வித்தியாசமும் உண்டு. அந்த வாலிபர்கள் உணவுக்கு ஏங்கினார்கள். இந்நோயாளியோ உணவுக்குப் பயப்படுகிறார். நோய் பயத்தில் தொடங்குகிறது. எடை குறையக் குறைய, பட்டினியே அந்த முடிச்சை இறுக்குகிறது. ஆகையால் புத்திமதி மட்டும் போதாது. உடலுக்கு உணவு திரும்பினால்தான் மனமும் தெளியும்.

உடலில் நேரும் கேடுகள்

1. இருதயம்: இருதயத் தசையும் மெலிகிறது, துடிப்பு மிகவும் குறைகிறது. அடிக்கடி வாந்தி எடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, இருதயம் திடீரென நின்றுவிடவும் கூடும்.

2. எலும்பு: வாலிப வயதே எலும்பு உறுதிப்படும் காலம். அப்போது இழந்ததை முழுவதும் திரும்பப் பெறுவது கடினம்.

3. மாதவிலக்கு: நின்றுபோகலாம். இதை "இரத்தக் குறைவு" என்று மட்டும் எண்ணி விட்டுவிடக்கூடாது.

4. பற்களும் தொண்டையும்: வாந்தியோடு வரும் அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது, கன்னத்தின் ஓரத்திலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்குகின்றன.

மனநோய்களுள் அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. 1983-ல், தம் 32-ஆம் வயதில் மரித்த அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டரின் மரணமே, உலகத்தார் பலரை இந்நோயைக் கவனிக்கச் செய்தது. இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம்.

உபவாசமும் நோயும்

சபை மக்களாகிய நாம் இதையும் கவனிக்க வேண்டும். உபவாசத்திற்கு ஒரு நோக்கமும் முடிவும் உண்டு. முடிந்தபின் நன்றியோடு உண்கிறோம். நோய்க்கு முடிவில்லை. ஒரு வாலிபப் பெண் உபவாச நாட்களைக் கூட்டிக்கொண்டே போகிறாளா? முடிந்தபின்னும் உண்ண அஞ்சுகிறாளா? எடையை அடிக்கடி பார்க்கிறாளா? அப்படியானால் "எவ்வளவு பக்தி!" என்று புகழாதீர்கள். "உனக்கு இப்போது உபவாசம் வேண்டாம் அம்மா, சாப்பிடு" என்று போதகர் அன்பாகச் சொல்வது பெரிய உதவியாகும்.

நாம் செய்ய வேண்டியவை

தாமதியாமல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, தண்ணீரும் அருந்த மறுத்தல், சாவதைப் பற்றிய பேச்சு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் விருந்து படைக்காதீர்கள். உணவு திடீரென மிகுந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் உப்பு சட்டென்று குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். 1945-ல் பெர்கன்-பெல்சன் சிறைமுகாம் விடுவிக்கப்பட்டபோது, இரக்கப்பட்டுக் கொடுத்த கனமான உணவை உண்டு மடிந்தவர்களும் உண்டு. ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில், சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பச் சிகிச்சையில், பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கிறார்கள். வேளாவேளைக்கு உணவு வைத்து, கோபமின்றி அருகில் அமர்ந்து, உண்டு முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். இளம் வயதினரில் பலர் இவ்வழியில் குணமடைந்திருக்கிறார்கள். மாதங்கள் ஆகும்; பின்னடைவும் வரும். ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவை நினைத்துப் பாருங்கள். தூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான், இரண்டாந்தரமும் எழுப்பி உண்ணச் சொன்னான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நம் வீடுகளிலும் அந்த வரிசையே நல்லது.

சிந்திக்க:

1. பிள்ளைகளின் நிறத்தையும் பருமனையும் குறித்து நம் வீட்டில் கேலி பேசுகிறோமா?

2. குடும்பமாக அமர்ந்து உண்ணும் வேளை, நாளில் ஒன்றாவது நமக்கு உண்டா?

3. நம் சபையில் இப்படி வாடுகிற யாரையாவது "பிடிவாதக்காரி" என்று ஒதுக்கிவிட்டோமா?