மின் தாக்கிய கண்

மாத்தளை மாவட்டம் மின்சாரத்துக்குப் புதியதன்று. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியாக வந்து, 1976ஆம் ஆண்டு தொடக்கம் உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கிச் சுது கங்கையிற் கலக்கின்றது. அந்நீரே வடக்கே சென்று, 1981 தொடக்கம் போவத்தென்னையிலும் மின் தருகின்றது. மின்சாரம் உயிரைக் கொள்ளும் என்பதையும் தோலைச் சுடும் என்பதையும் நம் மாணவர் நன்கறிவர். அது கண்ணுக்குச் செய்யும் கேட்டையோ பலர் அறியார். அறியாமைக்குக் காரணமும் உண்டு. அக்கேடு பெரும்பாலும் பிந்தியே வெளிப்படுகின்றது.

பட்டறைகளில் நாள்தோறும் நிகழ்வதை முதலிற் கூறுவோம். வெல்டிங் வேலையில் எழும் மின்வில்லிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிர்கள் வீசுகின்றன. அவை விழிவெண்படலத்தின், அதாவது கருவிழிக்கு முன்னே கண்ணாடிபோல் அமைந்த படலத்தின், மேற்பரப்பைச் சுடுகின்றன. சுடும்போது நோவில்லை. 6 முதல் 12 மணி நேரஞ் சென்றபின், வீட்டார் உறங்கும் வேளையில், மணலை அள்ளிக் கொட்டியது போன்ற உறுத்தலும் நீர் வடிதலும் தொடங்கும். விளக்கொளியைப் பார்க்க இயலாது. இவ்வாறு ஓரிரவு எம்மிடம் அழைத்து வரப்பட்ட பையன் ஒருவன், “நான் வெல்டிங் செய்யவில்லை ஐயா, இரும்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்” என்று அழுதான். முகமூடி அணிந்து வேலை செய்தவர் அவ்வேளை நன்றாக உறங்கியிருப்பார்! பக்கத்தில் நிற்பவனுக்கும் காப்பு வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர் மறந்துவிடுகின்றனர். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்குப் போதாது.

இக்காயம் ஓரிரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில், பெரும்பாலும் தானே ஆறும். இருட்டறையில் ஓய்வும், குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், நோவுக்குரிய மாத்திரையும், வைத்தியர் தரும் களிம்பும் போதுமானவை. முலைப்பாலும் இலைச்சாறும் கண்ணில் விடுவது நம்மூர் வழக்கம். கிருமி புக இடந்தருவதால் அதனைக் கைவிடுதல் வேண்டும். அதனினுங் கேடானது கண்ணை மரக்கச் செய்யும் துளிமருந்தை வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி விடுதல். நோவு மறையும், ஆனால் படலம் ஆறாது, புண்ணாகவும் கூடும்.

இனி உயர் அழுத்த மின்சாரத்துக்கு வருவோம். மாசித் திருவிழாவில் மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருங்கால், நம் கண்கள் தேரின் முடியையும் மேலே செல்லும் கம்பிகளையும் மாறிமாறிப் பார்ப்பது வழக்கம். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆந் தேதி தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியிற் பட்டு 11 பேர் மாண்டனர். வேறு பலர் காயமுற்றனர். இத்தகைய விபத்தில் உயிர் தப்பியவரின் கண்களைப் பற்றியே நாம் சொல்ல வந்தது.

தலைக்கருகே மின் பாய்ந்தால், கண்ணினுள்ளே இருக்கும் வில்லையின் உறை கெட்டு, அதிலுள்ள புரதம் உறையத் தொடங்குகின்றது. முதலில் நீர்க்கொப்புளம் போன்ற நுண்புள்ளிகள். அவை பிளவு விளக்கின் வழியே வைத்தியருக்கு மட்டுமே தெரியும். அப்புள்ளிகள் மெல்லப் பரந்து கண்புரையாகின்றன. இதற்குச் சில மாதங்கள் செல்லும். ஆண்டுகள் செல்வதும் உண்டு. அதற்குள் தோற்புண் ஆறி, விபத்தும் மறந்துபோயிருக்கும். பார்வை மங்கியவர் அதற்கும் இதற்கும் தொடர்பு காண்பதில்லை. இடியும் இவ்வாறே செய்யும். மின்னல் தாக்கியதால் வந்த புரையைப் பிரான்சிய வைத்தியர் செயின்ட் ஈவ் 1722இலேயே எழுதினார். ஆலை மின்சாரத்தால் வந்த புரை 1905இல் முதன்முதல் எழுதப்பட்டது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிக்கு அஞ்சாமல் வயலில் நிற்கும் நம்மவர்க்கு இது தொலைவான செய்தியன்று.

புரையைச் சத்திரசிகிச்சையால் அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தலாம். இம்முறையை 1949இல் இலண்டனில் தொடக்கியவர் ஹரோல்ட் ரிட்லி. போரில் விமானிகளின் கண்ணுட் புகுந்த விமானக் கண்ணாடிப் பிளாஸ்டிக்குத் துண்டுகள் தீங்கின்றிக் கிடந்தமை கண்டு அவர் இவ்வழிக்கு வந்தார். எனினும் விழித்திரையோ பார்வை நரம்போ மின்னாற் கெட்டிருப்பின் சத்திரசிகிச்சை முழுப் பயன் தராது. ஆதலின் அவற்றை முன்னரே சோதிப்பர்.

விபத்து நேர்ந்தவுடன் செய்வது யாது? மின்னை நிறுத்துமுன் எவரையுந் தொடாதீர். உயர் அழுத்தக் கம்பியாயின் கிட்டவும் செல்லாதீர், மின்சாரம் வழங்குவோருக்கு அறிவியுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். இமை வெந்திருப்பின் தூய நீரால் ஆற்றுங்கள். நெய்யும் பற்பசையும் பூசாதீர். இமைகள் விரைவில் வீங்கி மூடிக்கொள்ளும். அதற்குமுன் விழியைப் பார்ப்பது வைத்தியருக்குப் பேருதவி. பின்னர் தழும்பு சுருங்கி இமை மூடாதொழியின் விழிவெண்படலம் உலர்ந்து புண்படும். அதற்குக் களிம்பும், வேண்டின் இமைக்குத் தோல் ஒட்டுதலும் உண்டு.

காயமுற்றவர் வீடு திரும்புங்கால் வைத்தியசாலையில் தரும் அட்டையைப் பாருங்கள். புண்ணுக்கு மருந்து கட்டும் நாள் அதில் இருக்கும். கண்ணைச் சோதிக்கும் நாளும் எழுதப்பட்டுள்ளதா? இல்லையாயின் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள்: ஒரு மாதத்தில் ஒருமுறை, பின்னர் ஓராண்டு வரையேனும் இடையிடையே, பார்வை மங்கினால் அன்றே.