கைத்தொலைபேசியில் தங்கிய குரல்

கோவிட்-19 ஐ உலகம் தழுவிய பெருந்தொற்று என 2020 மார்ச் 11 இல் கூறிய உலக சுகாதார நிறுவனம், அதற்கான அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 இல் அறிவித்தது. ஆனால் அக்காலத்தில் உறவுகளை இழந்த வீடுகளில் துயரம் இன்னும் முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வைத்தியசாலையில் பக்கத்தில் இருக்க முடியவில்லை. இறுதிக் கிரியைக்கு ஒரு சிலருக்கே அனுமதி கிடைத்தது. ஊரில் இறந்தவர்களைப் பார்க்க விமானம் ஏறவும் வழியில்லை. பலருக்கு அந்தியேட்டியும் கணினித் திரையிலேயே முடிந்தது.

அப்படிப் போனவர்களில் பலர் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் குரல் பதிவுகளை விட்டுச் சென்றுள்ளார்கள். "சாப்பிட்டியா பிள்ளை?", "நேரம் கிடைச்சால் ஒருக்கா எடு" என்ற சாதாரணப் பேச்சுத்தான். "இதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாமா டொக்டர்?" என்று என்னிடம் வருபவர்கள் கேட்பதுண்டு.

பொதுவாக, கேட்பதில் தீங்கில்லை. இறந்தவரை விட்டு மனதை விலக்கினால்தான் துயரம் தீரும் என்று முன்னர் வைத்திய உலகிலும் கருதினார்கள். 1996 இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகியோர் தொகுத்த நூல் ஒன்று, இறந்தவருடனான பிணைப்பை வேறு வடிவில் தொடர்வது இயல்பானதே என எடுத்துக்காட்டியது. ஆண்டுதோறும் திவசம் கொடுக்கும் எமக்கு இது புதிதல்ல.

லண்டன் எம்பாங்க்மென்ட் சுரங்க ரயில் நிலையத்தை அறிவீர்கள். அங்கு ஒலித்த பழைய அறிவிப்பு, 2007 இல் காலமான நடிகர் ஒஸ்வால்ட் லோரன்ஸின் குரல். அதைக் கேட்பதற்காகவே அவர் மனைவி அங்கு போய்வந்தார். அறிவிப்பு மாற்றப்பட்டபின் அவர் கேட்டுக்கொண்டதால், 2013 இல் அதே குரல் அந்த மேடைக்குத் திரும்பியது.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நித்திரைக்குப் போகுமுன் தனியே கேட்பதைத் தவிருங்கள். பகலில், முடிந்தால் இன்னொருவருடன் இருந்து கேளுங்கள்.

2. திவச நாளில் குடும்பமாக இருந்து கேட்கலாம். கேட்டபின் அவரைப் பற்றிக் கதையுங்கள்.

3. பிள்ளைகளிடம் முதலில் விருப்பத்தைக் கேளுங்கள். திடீரெனப் போட்டுக் காட்டாதீர்கள்.

4. டிமென்சியா எனும் மறதி நோய் உள்ள முதியவர், குரலைக் கேட்டதும் அவர் உயிருடன் இருப்பதாக எண்ணித் தேடக்கூடும். அவர்கள் விடயத்தில் அவதானம் தேவை.

5. சிலரால் கேட்கவே முடியாது. அதுவும் இயல்பு. ஆனால் அழித்துவிட வேண்டாம். பிறகொரு நாள் தேவைப்படலாம்.

பாதுகாப்பது எப்படி?

போரில் இழந்தவர்களின் குரல் எமது தலைமுறையில் பலரிடம் இல்லை. இடம்பெயர்ந்தபோது ஒரு படத்தைக்கூட எடுத்துவர முடியவில்லை. கையில் இருப்பதையாவது தொலைக்காமல் இருப்போம். பதிவு கைத்தொலைபேசியில் மட்டும் இருந்தால், அது பழுதானாலோ களவுபோனாலோ குரலும் போய்விடும். கணினியிலும் வேறோர் இடத்திலும் பிரதி எடுங்கள். யார், யாருக்கு, எந்த ஆண்டு பேசியது என்று எழுதி வையுங்கள். இறந்தவரின் தொலைபேசி இணைப்பைத் துண்டிக்குமுன், அதில் அவர் குரலில் உள்ள வரவேற்புச் செய்தியையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

குரலைக் கேட்டு அழுவது நோயல்ல. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் சிறிதும் தணியாமல், வேலை, சமையல், பிள்ளைகளின் அலுவல் எதையும் பார்க்க முடியாதிருந்தால் அது 'நீடித்த துயர்நிலை' ஆக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இதற்குத் தனி இடம் உண்டு. பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. பிரித்தானியாவில் 'குறூஸ்' தொண்டு நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி உதவியும் கிடைக்கிறது. "நானும் போய்விட்டால் நல்லது" என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல், அன்றே வைத்திய உதவியை நாடுங்கள். "எல்லாருக்கும் வந்த கவலைதானே" என்று சொல்லி மறைக்க வேண்டாம்.