‘ஆக’வும் ‘வரை’யும்

பள்ளியில் ஆங்கிலச் சொற்களால் நிரல் பயிலும் மாணவச் செல்வங்களே! முத்தையா அண்ணாமலை 2009இல் கட்டுரை வாயிலாக அறிமுகம் செய்த ‘எழில்’ கணினிமொழியில் மடக்குகளுக்குத் தமிழ்ப் பெயர்களே உள்ளன. 1 முதல் 5 வரை அச்சிடுவோம்:

@(எ = 1, எ <= 5, எ = எ + 1) ஆக
  பதிப்பி எ
முடி

இதனை ‘வரை’ மடக்காக மாற்றுவோம்:

எ = 1
@(எ <= 5) வரை
  பதிப்பி எ
  எ = எ + 1
முடி

தொடக்கம் மடக்குக்கு முன்னே சென்றது. கூட்டல் உள்ளே கடைசியில் நின்றது. கூட்டலை விட்டுவிட்டால் ‘எ’ என்றும் 1தான், மடக்கு ஓயாது.

நம் பேச்சில் ‘வரை’க்கு இரு பொருள் உண்டு. ‘மழை வரும் வரை’ என்றால், வந்ததும் நிறுத்துவோம். ‘உயிர் உள்ள வரை’ என்றால், இருக்குமட்டும் தொடர்வோம். எழிலின் ‘வரை’ இரண்டாவது வகை. ஆகவே ‘5ஐத் தாண்டும் வரை’ என்று பெற்றோர் கணக்குச் சொன்னால், நிபந்தனையை எ <= 5 எனத் திருப்பியே எழுதுதல் வேண்டும்.

பயிற்சி: 10இலிருந்து 1க்கு இறங்கும் மடக்கை இருவகையாலும் எழுதுக.